நெற்றிக்கு மேலே நான்கு விரற்கடை

கடிதம் எண் 2007/1
சான் மமேஸ், 2007 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20

அன்பு மகள் வேவாவுக்கு,

அப்பா எழுதுவது. என் உடல்நிலை சீராக உள்ளது. சென்ற வெள்ளியன்று எடுத்த இரத்த அழுத்தம் 14/8, அதாவது 140க்கு 80. உன் இருமல் நின்றதா என்பதை எழுது. உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஜனவரி 4, வியாழனன்று கிடைத்தது. அதில் நாளும் மாதமும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் நிலப்பதிவு அலுவலகத்தில் இருந்தவனின் மகள் நீ. தொலைபேசியில் பேசலாமே என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொன்னது எங்கும் பதிவாவதில்லை; தவிர, என் இடது காது அதற்கு ஒத்துழைப்பதும் இல்லை.

எழுதுவதன் காரணம் தலைக்கவசம். ஊரே இரண்டு படையாகப் பிரிந்து வேடமிட்டு மோதும் நம் போர்த் திருவிழாவுக்கு இந்த ஆண்டு காப்பீட்டுக்காரர்கள் புதிய நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ரோமப் படையாயினும் கெல்ட் குடியாயினும், களத்தில் இறங்கும் ஒவ்வொரு தலைக்கவசமும் ஏப்ரல் 30க்குள் ஆய்வு செய்யப்பட வேண்டும். ஆய்வாளன் வழக்கம்போல் நானே. உன் அம்மா மறைந்தபின் நடந்த மூன்று திருவிழாக்களிலும் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து ஊராரின் தலைகளைச் சோதித்தேன்; என் தலை வெறுமையாகவே இருந்தது. இதைக் குழுத் தலைவர் ரோகேலியோ கவனித்துவிட்டார். சென்ற ஆகஸ்டில் அவரை நான் வாயிலில் நிறுத்தியது உனக்குத் தெரியாது.

"கடையில ரோமன்னு சொல்லித்தான் கொடுத்தான் அண்ணே!"

"ரோமன்தான். உச்சியில குறுக்கே ரெண்டு பட்டை ஓடுது பாருங்க, அது கி.பி. நூத்தி அஞ்சு வாக்குல வந்தது. நம்ம போர் நடக்கறது கி.மு. இருபத்தஞ்சுல. உங்க காலம் வரட்டும், உள்ள விடறேன்."

"அதுக்கு நூத்தி முப்பது வருஷம் வாசல்லயே நிக்கவா?"

"நூத்தி இருபத்தொன்பது. பூஜ்ஜிய வருஷம்னு ஒண்ணு கிடையாது."

அந்த மனிதர் இப்போது, ஆய்வாளரும் தலைக்கவசம் அணிந்தே வர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார். ஆகவே 1991இல் நான் செய்த பித்தளைக் கவசத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பழுதுகளை நானே சரிசெய்துவிடுவேன். சமையலறையில் வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். உன் அம்மா போன பிறகு அதன்மேல் நான் சுத்தியல் வைக்கவும் இல்லை. உன்னிடம் நல்ல கருவிகள் இருப்பதால் அனுப்புகிறேன்.

முறைப்படி ஆய்வுத் தாளும் நிரப்பியிருக்கிறேன். "குறைகள்" என்ற தலைப்பின் கீழ் இனங்கள் மூன்று: ஒன்று, இடது கன்னத்தகட்டின் கீல் விட்டிருக்கிறது. இரண்டு, பிடரித்தகட்டில் ரிவிட் ஒன்று ஆடுகிறது. மூன்று, உச்சியின் வலப்புறம், நெற்றி விளிம்புக்கு மேலே நான்கு விரற்கடையில், ஒடுக்கு ஒன்று. நீளம் 41 மி.மீ., ஆழம் 6 மி.மீ.

புனித வாரம் ஏப்ரல் 1, ஞாயிறன்று தொடங்குகிறது. தகவலுக்காக எழுதினேன்.

உன் நலம் நாடும் தந்தை,
எலாடியோ

இணைப்பு: 1. தலைக்கவசம், ஒன்று. 2. ஆய்வுத் தாள், ஒன்று. 3. பக்கத்து வீட்டுத் திக்னா தந்த வெண்ணெய்க் கேக், ஆறு (வழியில் நசுங்கினால் பொறுப்பு என்னுடையதல்ல).

*

மைன்ஸ், ஜெர்மனி, பிப்ரவரி 4, ஞாயிறு
(ஆண்டு 2007, அப்பா. இயேசு பிறந்த பின்.)

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் 14/8 கண்டு மகிழ்ச்சி. கேக் ஆறும் நசுங்காமல் வந்தன. எங்கள் கார்ப் பட்டறையில் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தன.

பெட்டியைப் பிரித்தபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். பக்கத்து மேடையில் வேலை பார்க்கும் ஷெவ்கெட் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இது எந்த மாடல் வேவா? உதிரிபாகம் கிடைக்குமா?"

"கி.மு. இருபத்தஞ்சு மாடல். கிடைக்காது."

"இடிச்ச வண்டி நிக்காம போயிடுச்சா?"

"நின்னுச்சே. எங்க அம்மா."

"அடேயப்பா. நல்ல வேகத்துலதான் வந்திருக்காங்க."

புனித வாரத்தில் வர முடியும் என்று தோன்றவில்லை. லீவு கேட்டுப் பார்த்தேன், ஆளில்லை என்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாளில் உள்ள மூன்றையும் முடித்து ஏப்ரலுக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். கவலையை விடுங்கள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள். திக்னா அத்தை கொண்டுவரும் குழம்பைப் பூனைக்கு வைக்காதீர்கள்.

அன்புடன்,
வேவா

*

கடிதம் எண் 2007/2
சான் மமேஸ், 2007 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, பிற்பகல் 1.45

அன்பு மகள் வேவாவுக்கு,

நான் நலம். நீ நலமா? உன் கடிதம் இன்று பகல் 1.30க்குக் கிடைத்தது. உணவுக்கு உட்காருமுன் எழுதுகிறேன்.

இனம் மூன்று குறித்து. அதற்கு அவசரமில்லை. ஒன்றும் இரண்டும் முடிந்தால் கவசம் ஆய்வில் தேறிவிடும். மூன்றை அப்படியே விட்டுவிடலாம். உன் வேலை நேரத்தை அதில் செலவிட வேண்டியதில்லை.

அஞ்சலகம் இரண்டு மணிக்கு மூடுகிறது.

தந்தை,
எலாடியோ

இணைப்பு: இல்லை.

*

மைன்ஸ், 2007 பிப்ரவரி 11, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை எழுதும்போது தலைக்கவசம் என் மேசை மேல் இருக்கிறது. நாளைக் காலை அஞ்சலில் சேர்த்துவிடுவேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

கீலும் ரிவிட்டும் ஒரு மணி நேர வேலை. மூன்றாவதுக்குத்தான் இரண்டு மாலைகள் ஆயின. மணல் மூட்டைமேல் வைத்து, உள்ளேயிருந்து மரச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். சூடு காட்டவே இல்லை. பிறகு பட்டறையின் கோட்டு விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சக் கோடு எங்கும் வளையவில்லை, அதாவது ஒடுக்கு எங்கும் இல்லை. தேடிப் பாருங்கள் அப்பா, இடம் தெரியாது. ஷெவ்கெட்டுக்கே தெரியவில்லை.

திருவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைகளில், களத்தில் அம்மாவின் மர வாள் உங்கள் கவசத்தில் போட்ட ஒடுக்குகளைக் கொல்லைப்புறத்தில் நீங்கள் தட்டி எடுப்பீர்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். என் தொழிலை அங்கேதான் கற்றேன். 2003இல் மட்டும் உங்களுக்கு அதற்கு நேரமில்லாமல் போனது. ஏன் என்று எனக்குத் தெரியும். சுத்தியல் வைக்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். அந்தப் பாக்கி வேலையை உங்களுக்காக நான் முடித்துவிட்டேன்.

தலையில் வைத்துக்கொண்டு ரோகேலியோவின் முன்னால் நிமிர்ந்து நடங்கள்.

அன்புடன்,
வேவா

*

கடிதம் எண் 2007/3
சான் மமேஸ், 2007 மார்ச் 9, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.00

அன்பு மகள் வேவாவுக்கு,

பொதி பிப்ரவரி 21, சாம்பல் புதனன்று கிடைத்தது. நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்துவிட்டன.

வேலை குறையற்றது. நன்றி.

எலாடியோ

இணைப்பு: இல்லை.

*

மைன்ஸ், 2007 மார்ச் 25, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். படிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரத்த அழுத்தம் இல்லை. என் இருமல் இல்லை. "தந்தை" என்ற சொல்லும் இல்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்காமல் இரண்டு வாரம் தாமதித்து நீங்கள் எழுதியதும் இதுவே முதல் முறை.

நான் எதையாவது தவறாகச் செய்துவிட்டேனா? கீல் இறுக்கமாக இருக்கிறதா? மெருகு அதிகமாகிவிட்டதா? கி.மு. 25இல் இவ்வளவு பளபளப்பு கிடையாது என்றால் சாம்பல் போட்டுத் தேய்த்தால் மங்கிவிடும்.

எழுதுங்கள்.

வேவா

*

மைன்ஸ், 2007 ஏப்ரல் 22, ஞாயிறு

அப்பா,

நீங்கள் நலமில்லை என்பதை நேற்று திக்னா அத்தை தொலைபேசியில் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள்தான் எல்லாம் பதிவாக வேண்டும் என்பீர்களே.

"ஏண்டி, ஒடுக்கு எடுக்கறதுல ஜெர்மனியிலயே கெட்டிக்காரின்னு உங்க அப்பா ஊரெல்லாம் பீத்திக்கிட்டாரே. உனக்கு இது தோணலையா?"

"எது அத்தை?"

"மனுஷன் அந்தக் குல்லாவை மடியில வச்சுக்கிட்டு, கட்டை விரலால ஒரே இடத்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காரு. குழம்பு கொண்டு போனேன், வெச்சிட்டுப் போம்மான்னாரு. மூணு நாள் கழிச்சுப் போறேன், மூடி தொறக்காம அங்கயே இருக்கு. ஆய்வுக்கு நாப்பது குல்லா வந்து வராந்தாவுல குவிஞ்சு கிடக்குது. ஒண்ணையும் தொடலை. ரோகேலியோவே பயந்து போய், 'நான் கொண்டு வந்ததையாவது திட்டுங்கண்ணே'ன்னு கேட்டுப் பாத்துட்டான்."

"உடம்புக்கு என்ன அத்தை?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். அவரையே கேளு."

கேட்கிறேன். அம்மா உங்கள் தலையில் கடைசியாக அடித்த அடியை நான் எடுத்துவிட்டேன். அப்படித்தானே? நீங்கள் அதை நேரமில்லாமல் விட்டுவிடவில்லை. வேண்டுமென்றே வைத்திருந்தீர்கள்.

அவசரமில்லை என்று ஏன் எழுதினீர்கள் அப்பா? தொடாதே என்று ஏன் எழுதவில்லை?

வேவா

*

கடிதம் எண் 2007/4
சான் மமேஸ், 2007 மே 8, செவ்வாய்க்கிழமை, தொடங்கியது பிற்பகல் 4.05, முடித்தது 6.50

அன்பு மகள் வேவாவுக்கு,

என் இரத்த அழுத்தம் 16/9. உன் இருமலைப் பற்றி மார்ச்சில் விசாரிக்கத் தவறியது என் பிழை, இப்போது விசாரிக்கிறேன். தலைக்கவசங்கள் நாற்பத்திரண்டும் ஏப்ரல் 28, 29, 30 ஆகிய நாட்களில் ஆய்வு செய்யப்பட்டன. மூன்று நிராகரிக்கப்பட்டன. ஒன்று ரோகேலியோவுடையது.

வேலை குறையற்றது என்று நான் எழுதியது உண்மை. நான் ஒருபோதும் அவ்வளவு துப்புரவாகச் செய்ததில்லை. கட்டை விரல், ஆட்காட்டி விரல், உள்ளங்கை, மூன்றாலும் தேடிவிட்டேன். அகப்படவில்லை.

பிழை உன்னுடையதல்ல. அச்சிட்ட அந்தத் தாளில் ஒரே தலைப்புதான் இருக்கிறது: குறைகள். அளந்ததை எங்கேனும் எழுத வேண்டுமே என்று அங்கே எழுதினேன். எழுதிய பிறகு, அது குறையல்ல என்று இன்னொரு தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ கேட்டதற்கு விடை இதுவே.

இனி, அன்று நடந்தது. நீ மைன்ஸில் இருந்தாய்.

2003 ஆகஸ்டு 30, சனிக்கிழமை, மாலை 6.40 அளவில், ஆற்றங்கரைப் புல்வெளியில் இரு படைகளும் மோதின. பதின்மூன்றாவது முறையாக உன் அம்மா தன் கெல்ட் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, முப்பது ரோமர்களுக்கு நடுவே என்னைத் தேடி வந்தாள். ரோமர் தலைக்கவசங்களின் வடிவமே கெல்ட் கொல்லர்களிடம் கற்றது என்பதை 1992இல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதன் பிறகு ஆண்டுதோறும் அதை வைத்தே ஆரம்பிப்பாள்.

"ஏங்க, திருட்டுச் சொத்தைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"திருட்டு இல்ல ஒப்துலியா. கடனா வாங்கினது."

"ரெண்டாயிரம் வருஷமா திருப்பித் தராத கடனா!"

சொல்லிக்கொண்டே மர வாளை இரு கைகளாலும் ஓங்கி அடித்தாள். அந்த வயதில் அந்த வலு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். கெல்ட் பக்கம் முழுவதும் கைதட்டியது.

தலையில் அடிக்கக் கூடாது என்பது விதி 7. 1999இல், உன் அம்மாவை மனத்தில் வைத்தே நான் எழுதிச் சேர்த்த விதி. ஒவ்வோர் ஆண்டும் எச்சரித்து விட்டுவிடுவேன். அன்று ரோகேலியோ, தலைவரான முதல் ஆண்டு, பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன அண்ணே, வீட்டுக்காரம்மான்னா விதி ஏழு கிடையாதா?"

நான் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். தண்டனைச் சீட்டு எண் 14. ஒப்துலியா, கெல்ட் குடி. விதி 7 மீறல். களமிறங்க ஓராண்டுத் தடை, 2003 ஆகஸ்டு 30 முதல் 2004 ஆகஸ்டு 29 வரை. அவள் வாங்கிப் படித்துச் சிரித்தாள்.

"ஒரு வருஷம்தானா? தாராளமா எழுதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

வியர்வைக் கையோடு கையெழுத்திட்டாள். சீட்டை இடைவாரில் செருகிக்கொண்டாள். அதன் நகல் என் புத்தகத்தில் இருக்கிறது.

மறுநாள் ஞாயிறு வழக்கப்படி சுத்தியலை எடுத்தேன். ஊர் முன்னால் விழவைத்த கோபம் தீரவில்லை. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் தீரவில்லை. செப்டம்பர் 22, திங்கட்கிழமை இரவு, தன் நோயைப் பற்றி மருத்துவர் சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள். அந்த ஒடுக்கு தப்பியதற்குக் காரணம் என் பாசம் அல்ல வேவா, என் கோபம். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அவள் 2004 பிப்ரவரி 10, செவ்வாயன்று போனாள். தடை முடிய 201 நாட்கள் இருந்தன. தடை அமலில் இருக்கும்போதே போனாள். சீட்டு எழுதிய அன்று அவளுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆயினும் அந்தச் சீட்டை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் எந்தப் பதிவுக்கும் நான் முன்தேதி இட்டதில்லை.

நீ திருப்பி ஓர் ஒடுக்குப் போட்டு அனுப்பவா என்று கேட்கக்கூடும். கேட்காதே.

உன் தந்தை,
எலாடியோ

இணைப்பு: இல்லை.

*

மைன்ஸ், 2007 மே 27, ஞாயிறு, மாலை 5.00

அன்புள்ள அப்பாவுக்கு,

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். 16/9 எனக்குப் பிடிக்கவில்லை. நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

கேட்க மாட்டேன். நான் போட்டால் அது என் அடி.

முதலில் வேலை விஷயம். ஒரு முறை அடிபட்ட தகடு, அதைத் தட்டி நேராக்கினாலும், பழைய தகடாக ஆகிவிடாது. அந்த இடம் மற்ற இடங்களைவிடக் கெட்டிப்பட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. நகத்தால் தட்டினால் ஒலி வேறாக இருக்கும். பழைய வண்டி வாங்க வருகிறவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் தட்டிக் காட்டுவோம், எங்கே இடித்திருக்கிறது என்று. உங்கள் வலது காதைக் கவசத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பாருங்கள். கடைசி அடி மட்டுமல்ல. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்ததெல்லாம் அதில் இருக்கும். பட்டறை வழக்கப்படி வேலைக்கு முன் எடுத்த படம் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை மூன்று ஆண்டுகளாக எழுதாமல் வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அன்று தெரியும்.

2003 ஜூன் 19 அன்றே மருத்துவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்று மாலையே அம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே. திருவிழா முடியட்டும்."

"ஏம்மா? அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு தெரியுமா? தலையைக் குனிஞ்சு காட்டிக்கிட்டு, 'அடிச்சுக்கோ ஒப்துலியா'ன்னு நிப்பாரு. அப்படி நிக்கற ரோமாக்காரனை அடிக்கறதுல என்னடி இருக்கு? எனக்கு அவரு கோவிச்சுக்கணும். வழக்கம்போலக் கோவிச்சுக்கணும்."

போர் நடந்த அன்று இரவு மறுபடியும் கூப்பிட்டார். பரிசு வாங்கிய குழந்தை மாதிரி. "ஒரு வருஷம் தடை போட்டுட்டாருடி! முழுசா ஒரு வருஷம்! கையெழுத்தெல்லாம் வாங்கினாரு!" இருமல் வரும்வரை சிரித்தார். அப்பா, அம்மா உங்களிடம் கேட்டதே அந்தச் சீட்டைத்தான். நீங்கள் அதைச் சரியாகக் கொடுத்தீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், "செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதிதான் எங்களுக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். உங்களைவிட மூன்று மாதம் முன்பே தெரிந்தவள். அதன் பிறகு அந்தச் சமையலறையில் உங்களுக்கு எதிரே உட்கார என்னால் முடியவில்லை. லீவு இல்லை, ஆளில்லை என்று எழுதியதெல்லாம் பொய். ஒவ்வொரு கோடையிலும் இங்கே சும்மாதான் இருந்தேன்.

நீங்கள் பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

வேவா

இணைப்பு: படம் ஒன்று. (உங்களைப் பார்த்துக் கற்றது.)

*

கடிதம் எண் 2007/5
சான் மமேஸ், 2007 ஜூலை 10, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 9.30

அன்பு மகள் வேவாவுக்கு,

இரத்த அழுத்தம் 15/8. மருந்து வேளை தவறவில்லை. கோடையில் உனக்கு வரும் கண் எரிச்சல் இந்த ஆண்டும் வந்ததா என்று எழுது.

உன் கடிதம் ஜூன் 4, திங்களன்று கிடைத்தது. ஐந்து வாரங்கள் நான் பதில் எழுதவில்லை. காரணத்தைப் பதிவு செய்கிறேன்: ஜூன் 4 முதல் 18 முடிய பதினைந்து நாட்கள் கோபத்தில் கழிந்தன. அவற்றில் எட்டு நாள் உன்மேல், ஏழு நாள் அவள்மேல். 19ஆம் தேதி காலை, ரொட்டி வாங்க வரிசையில் நின்றபோது, அவள் சொன்னதாக நீ எழுதியிருந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. நான் தலையைக் குனிந்துதான் நின்றிருப்பேன். அவள் சொன்னது சரி. கடையில் உரக்கச் சிரித்துவிட்டதாகத் திக்னா பின்னர் தெரிவித்தாள்.

உன்னிடம் ஒன்றைக் காக்கச் சொன்னாள். நீ காத்தாய். அதில் பிழை காண எந்த விதியும் என்னிடமில்லை. இந்த வீட்டில் மூன்று கோடைகள் இருவர் உட்கார வேண்டிய மேசையில் ஒருவன் உட்கார்ந்தான். மைன்ஸிலும் அப்படியே என்று எனக்குத் தெரியாது.

படத்தில் ஒடுக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் படத்தைத் தடவினால் வழவழப்பாக இருக்கிறது.

ஆகவே நீ சொன்னபடி தட்டிப் பார்த்தேன். நகத்தின் ஒலி எனக்கு எட்டவில்லை. திருமண மோதிரத்தால் தட்டினேன். நான்கு நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் திக்னா குழம்போடு வந்தாள்.

"காது கேக்காத மனுஷன் குல்லாவைத் தட்டித் தட்டிக் கேக்கறாரே. ஊரு என்ன நினைக்கும்?"

"பதில் வருது, கேக்கறேன்."

"என்னவாம்?"

"திருடன்னு சொல்றா."

திக்னா குழம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை முழுவதும் சாப்பிட்டேன் என்பதையும் குறித்துக்கொள்.

கண்டுபிடித்தவை: உறுதியாகப் பத்து இடங்கள். ஐயத்துக்குரியவை இரண்டு. ஒன்று அகப்படவேயில்லை, 1994ஆம் ஆண்டினது என்று கருதுகிறேன், அவ்வாண்டு மழை, அவளுக்கு வாள் வழுக்கியது. நெற்றிக்கு மேலே நான்கு விரற்கடையில் உள்ள ஒலி மற்றவற்றையெல்லாம்விடத் தெளிவு. வலது காதுக்கு மட்டுமல்ல, இடது காதுக்கும் எட்டுகிறது.

இனி அலுவல். இந்த ஆண்டுப் போர் செப்டம்பர் 1, சனிக்கிழமை. கெல்ட் பக்கத்தில் ஓர் இடம் 2003 முதல் காலியாக உள்ளது. உன் அம்மாவின் இரும்புத் தலைக்கவசத்தை நேற்று ஆய்வு செய்தேன். காலத்துக்குப் பொருத்தம், தேறியது. உன் தலைச்சுற்றளவு அவளுடையதைவிட ஒரு செ.மீ. குறைவு, உள்ளே கம்பளித் துணி வைத்துக்கொள்ளலாம்.

விதி 7 மாற்றப்படவில்லை. மாற்றும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் அன்று மாலை 6.30 முதல் 6.45 வரை ஆய்வாளர் ரோமர் வரிசையின் இடது ஓரத்தில், தன் கவசம் அணிந்து நிற்பார். தலையைக் குனிய மாட்டார். குற்றம் கண்டால் சீட்டு எழுதுவார். புத்தகத்தில் அடுத்த எண் 15.

எதிர்பார்த்திருக்கும் தந்தை,
எலாடியோ

இணைப்பு:
1. கெல்ட் குடிக்கான பதிவுப் படிவம். பெயர் நிரப்பப்பட்டுள்ளது, கையெழுத்து உன்னுடையது.
2. ஒப்துலியாவின் தலைக்கவசத்துக்கான ஆய்வுத் தாள். "குறைகள்" என்ற தலைப்பு அடிக்கப்பட்டு "விவரம்" என்று திருத்தப்பட்டுள்ளது. திருத்தத்தின் அருகில் என் சுருக்கொப்பம்.
3. சாந்தாந்தேரிலிருந்து சான் மமேஸ் வரும் பேருந்துகளின் நேரப் பட்டியல். 11.15 வண்டியை நம்பாதே.
4. எலாடியோவின் தலைக்கவச உச்சியின் வரைபடம். இடங்கள் 1 முதல் 12 வரை ஆண்டு குறித்து.
5. தண்டனைச் சீட்டு எண் 14, நகல். குறுக்கே: ரத்து செய்யப்பட்டது, ஆய்வாளர் கையொப்பம். நாள்: 2004 பிப்ரவரி 9, திங்கட்கிழமை.